மொய்யாக வந்த சத்தம்

அமீனுல்லா பாய், தானிய மண்டி வைத்திருக்கும் காசிநாதனுக்குத் தரவேண்டியது நாற்பத்தோராயிரத்து எழுநூறு ரூபாய். நாற்பதாயிரம், பாய் கொரோனாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்த ஆவணியில் ஒரே கட்டாக வந்தது. மிச்சம், உயிரோடு வீடு வந்தபிறகு மாத்திரைக்கும் ஆட்டோவுக்கும் வாங்கியது. வட்டி கிடையாது. "பொழச்சி வரட்டும், மத்தத அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லித்தான் காசிநாதன் கொடுத்தார். அவர் மண்டியில் மூட்டை தூக்குகிறவன் நான், அய்யாக்கண்ணு. பாய்க்குப் பக்கத்து வீடு. பணத்தை இடுப்பில் முடிந்து எடுத்துப்போய் பாயின் சம்சாரம் ரசூல் பீவி கையில் கொடுத்தவனும் நான்தான். அதனால் இந்தக் கடனில் எனக்கும் ஒரு ஓரம் இருப்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

ஈடு எதுவும் அவர் கேட்கவில்லை. பாய்தான் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் ரோஷத்தில் வாயை விட்டார். "தை பொறக்கறதுக்குள்ள தர்லன்னா என் செட்ட எடுத்துக்கோங்க மொதலாளி."

செட் என்றால் மைக்செட். ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், இரண்டு பெட்டி, மைக்குகள். கள்ளக்குறிச்சியிலிருந்து மணலூர்பேட்டை வரைக்கும் காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அது போயிருக்கிறது. ஊரில் நல்லது கெட்டது நடந்தால்தான் மைக்செட்காரன் வீட்டில் அடுப்பு எரியும். அந்த வருஷம் கெட்டது மட்டும்தான் நடந்தது, அதற்கும் மைக் வைக்க விடவில்லை.

அந்த செட்டை நம்பி வீட்டுக்குள் இன்னொரு பிழைப்பும் முளைத்திருந்தது. பாயின் மகன் சுஐப், கரியாலூர் மலைக்காரப் பையன் அருள், கரும்பு வெட்டுகிற வீட்டுப் பிள்ளை மாயவன், மூன்று பேரும் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள். 'மூணு வாய்' என்று தங்களுக்குப் பேர் வைத்துக்கொண்டு ராப் பாட்டுக் கட்டினார்கள். சுஐப்பின் தங்கச்சி பாயிஸா வாயைத் திறக்கமாட்டாள். ஆனால் எந்தச் சத்தம் நிற்கும், எது போகும் என்று பழைய கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி முடிவு செய்வது அவள்தான். "மூணு வாய், ஒரு காது, சோறு மட்டும் நாந்தான் போடணும்" என்பாள் ரசூல் பீவி.

அது பாட்டு மாதிரியும் இருக்காது, சண்டை மாதிரியும் இருக்காது. மண்டியில் என்னோடு மூட்டை தூக்கும் ஜோடி முனியன் முதல் தரம் கேட்டுவிட்டு, "இன்னாடா, கடங்காரன் வாசல்ல நின்னு கத்தறாமாரியே கீது" என்றான்.

"அதேதாண்ணா" என்று சிரித்தான் மாயவன். "யார் வாசல்ல நின்னு கத்தறோம்னுதான் பாத்துக்கணும்."

அவர்களுக்கென்று சில முறைகள் இருந்தன. கம்ப்யூட்டரில் கிடைக்கிற மேளத்தைத் தொடமாட்டார்கள். தாளத்துக்கு அடி வேண்டுமென்றால் ஏதாவது வேலை நடக்கிற இடத்துக்குப் போய்ப் பிடித்து வருவார்கள். அவனவன் வரியை அவனவன்தான் சொல்லவேண்டும், ஒருத்தன் பாட்டை இன்னொருத்தன் வாயில் போடக்கூடாது. அப்புறம், பாட்டு முடிந்ததும் மொய் படிப்பார்கள். அதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கல்யாணப் பந்தலில் பாய் மைக்கைப் பிடித்து மொய் படிப்பார் அல்லவா, இன்ன ஊர், இன்னார், இவ்வளவு ரூபாய் என்று? அதே குரலில் சுஐப் சொல்லுவான்: "கரியாலூர் சாலம்மாள், சாமை குத்துன சத்தம் ஒண்ணு." சாலம்மாள் அருளின் அம்மா. அவள் உரலில் உலக்கை போட்டதை அவர்கள் ஒரு பாட்டுக்கு அடியாக வைத்திருந்தார்கள்.

"எதுக்குடா இது?" என்று கேட்டேன்.

"அஞ்சு ரூபா மொய் வெச்சவன் பேர அத்தா படிக்காம வுட்டாகூட பந்தல்ல அடிதடி ஆவுதுல்ல கண்ணுண்ணா? நாங்க சத்தமே வாங்கறோம். பேர வுட்டா அது திருட்டு."

ஐப்பசியில் மண்டிக்கு வந்தார்கள். மக்காச்சோளம் வந்து குவிகிற நேரம். நானும் முனியனும் குடோனில் மூட்டைகளை அட்டி போட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவர்போல அடுக்குவதுதான் அட்டி. கொக்கியைப் போட்டு ஒருத்தன் தூக்கிவிட வேண்டும், ஒருத்தன் தோளில் வாங்கி ஏறிப்போய்ச் சாய்க்க வேண்டும். பாயிஸா முக்காட்டின்மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை நீட்டினாள். முனியனுக்குக் குஷி வந்துவிட்டது. மூட்டையைப் போடும்போது கோயில் சாமியாடி மாதிரி "ஹேய்ய்ய்" என்று நீட்டினான்.

"முனியன் மாமா, நீங்க நடிக்கிறீங்க" என்றாள் பாயிஸா. "வேல செய்ங்க."

"வேலதான செய்யறேன் பாப்பா."

"இல்ல. இப்டி கத்துனா ஒரு மூட்டைக்கு மேல தூக்கமாட்டீங்க. மைக்க மறந்துடுங்க. அப்பறம் கண்ணு மாமா, அந்த ஓரத்து மூட்ட வேணாம், நனஞ்சிகீது. சத்தம் ஊமையா வருது."

இருபது வருஷமாகத் தூக்குகிறேன். நனைந்த மூட்டையைத் தோள்தான் கண்டுபிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

முதுகு விட்டுப்போகும்வரை அடுக்கினோம். கடைசியில் கீழ்வரிசையில் ஒரு சாக்கு பிரிந்திருப்பதைப் பார்த்து முனியன் எரிச்சலில் கத்தினான். "டேய், பாத்து போடு! அடிமூட்ட கிழிஞ்சா அட்டியே சாயும்!"

மூன்று பையன்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாயவன் கிட்டே வந்தான். "ண்ணா, இத நாங்க எடுத்துக்கலாமா?"

"எத? சாக்கயா?"

"நீ சொன்னத."

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. நான் டெய்லி சொல்றதுதான்."

அதுதான் 'அட்டி' என்கிற பாட்டாயிற்று. எங்கள் மூட்டை 'தொப்'பென்று விழும், பிறகு எங்கள் மூச்சு, நடுவில் சாலம்மாளின் உலக்கை. ஒதுக்கீடு ஒதுக்கீடு என்று ஊரே பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் சதவீதம்தான். மூன்று பேரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். மாயவன் சொன்னது:

*கரும்பு வெட்டுன கையி இனிக்கல*
*கட்டு சுமந்த தல நிமிரல*
*அக்கா எழுதுன பரிச்ச அர மார்க்குல போச்சி*
*அந்த அர மார்க்கு எவன் வூட்டுல கீது?*

அருள்:

*சாதிய எழுதித் தான்னு மூணு ஆபீஸு ஏறுனேன்*
*மலைல பொறந்தேன், மலைதான் சாட்சின்னேன்*
*சாதிக்கு முத்திர குத்த ஒருத்தனும் இல்ல*
*சாதி கேக்காம ஒரு டீயும் கெடைக்கல*

சுஐப்:

*உனுக்குதான் குடுத்தாச்சேன்னு கேக்கறான்*
*எங்க தெரு கொழாயில காத்துதான் வருது*

ஒவ்வொருவன் வரி முடிந்ததும் முனியனின் குரல் வரும்: *அடிமூட்ட கிழிஞ்சா அட்டியே சாயும்.* கடைசியில் மொய். என் பேரையும் படித்தார்கள். "மண்டி அய்யாக்கண்ணு, மூச்சு ஒண்ணு." செல்போனில் அதைக் கேட்டபோது என்னை மேடையில் ஏற்றி நிறுத்தியதுபோல இருந்தது. கரும்பு லாரி டிரைவர்கள்கூட அந்தப் பாட்டைப் போட ஆரம்பித்தார்கள்.

கார்த்திகை கடைசியில் ஒரு மழைநாள். மண்டிக் கல்லாவுக்கு எதிரே பாயை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார் காசிநாதன். நான் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"செவ்வாக்கெழம தாலுகா ஆபீஸ் எதுர்ல உக்கார்றோம் பாய். எங்க சனத்துக்குத் தனி ஒதுக்கீடு. மைக்செட் உன்னுதுதான்."

"அதுக்கு இன்னா மொதலாளி, வெச்சிடலாம்."

"அந்த அட்டிப் பாட்டு வேணும். அடிமூட்டன்னு ஒரு வார்த்த போட்டான் பாரு. எங்க கதையே அதான். மாயவன் எங்க புள்ள, அவன் பாடட்டும். மத்த ரெண்டு பேரோடத எடுத்துடு. கடசில பேர் படிக்கறாங்களே, அதயும் எடுத்துடு."

பாய் டீயை ஊதினார். "பேர் இன்னா பண்ணுது மொதலாளி?"

"பேரு தெருவச் சொல்லுது பாய்" என்றார் காசிநாதன். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முனியன் காலனி. அந்தம்மா மலைக்காரி. எனுக்கு ஒண்ணும் இல்ல, நான் முனியனோட நின்னு டீ குடிக்கறவன். மேடைல எனுக்கு மேல நாலு பேரு கீறான். எங்க கூட்டத்துல யார் பேரடா படிக்கறன்னு கேப்பான். எங்க சனத்துல எத்தினி பொண்ணுங்க படிச்சிட்டு வூட்ல குந்திக்கினு கீதுங்க, பாத்துக்கினுதான கீற? இத மட்டும் செஞ்சி குடு. உன் கடன நான் மறந்துடறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

அன்று மத்தியானம் பாய் வீட்டில் பையன்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உடைந்து ஒழுகிய கூரை ஓடுகளை மாற்றிக்கொண்டிருந்தேன். ரசூல் பீவி கறி ஆணத்தை, எங்கள் பேச்சில் கறிக்குழம்பை, ஊற்றிக்கொண்டே வந்தாள். பாய் விஷயத்தைச் சொன்னார்.

"நான் பாடுவேன்" என்றான் மாயவன்.

"பாடு" என்றான் சுஐப். "உன் வரி உன்னுது. யார் கேக்கறது? ஆனா அடி நம்ம வூட்டுதில்ல. பேர எடுக்கணும்னா குடுத்தவங்களக் கேக்கணும்."

"கேளு கேளு கேளு! அத்தா செட்டே போவப் போவுது, நீ இன்னும் மொற பேசிக்கினு கீற."

"மொற இல்லன்னா நம்ம யாரு? ஸ்டேஜ்ல சினிமாப் பாட்டு போடறவனா?"

"உனுக்கு கெடச்சிடுச்சிடா. அதான் உனுக்கு மொற பெருசா தெரியுது. எங்க அக்கா கரும்புக்கொல்லைல நிக்கறா."

சுஐப் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டான். அருள்தான் பேசினான். அவன் பேசுவதே அபூர்வம். "எனுக்கும் கெடச்சிடுச்சின்னுதான்டா எல்லாரும் சொல்றாங்க. பேப்பர்ல கீது. அந்தப் பேப்பர்தான் எங்கூட்டுக்கு வரல."

"சோத்த வெச்சிக்கினு சண்ட போடாதீங்க" என்றாள் ரசூல் பீவி. "மாயவா, இன்னும் கொஞ்சம் ஊத்தவா? உங்க அக்காளுக்கு ஒரு தூக்குல போட்டுத் தரேன், எடுத்துனு போ."

மாயவன் தலையைக் குனிந்துகொண்டு தட்டை நீட்டினான்.

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "பேருதான? பேரு! நான் முப்பது வருஷமா ஊரான் பேரையெல்லாம் மைக்குல படிச்சவன். என் பேர எவன் படிச்சான்? செட் போச்சின்னா இன்னா பண்ணுவீங்க? சத்தத்த வாணாச் சட்டில வறுத்துத் தின்னுவீங்களா?" மகளைப் பார்த்தார். "பாயிஸா, பேர் இல்லாம வெட்டிக் குடு."

அவள் எழுந்து கை கழுவினாள். "வெட்டித் தரேன் அத்தா. உங்க போன்ல போட்டுத் தரேன். ஆனா அன்னிக்கி நீங்கதான் அமுக்கணும். நான் அமுக்கமாட்டேன்."

மறுநாள் மாயவனே மண்டிக்கு வந்தான். அவனோடு மற்ற இருவரும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்கள். நாங்கள் தண்ணிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம். மாயவன் கூட்டத்தையும் பாய் கடனையும் பற்றிச் சொன்னான்.

"பாய் கடன் போவுதுன்னா எடுத்துக்கோடா" என்றான் முனியன். "என் மூச்சுதான? வூட்ல கொறட்டையா வுடறதுதான்."

"பேரு வராதுண்ணா."

முனியன் மிளகாயைக் கடித்தபடி நிறுத்தினான். "ஏன் வராது?"

மாயவனின் கண் கல்லாப் பக்கம் போயிற்று. முனியன் மிளகாயை மென்று முழுங்கினான்.

"என் பொண்ணு கல்யாணத்துல பத்து ரூபா வெச்ச கெழவி பேரக்கூட பாய் ராகம் போட்டுப் படிச்சாரு. கெழவி அழுதுடுச்சி. பேரோட வாங்கனாதான் மொய்யி. பேர மறச்சி வாங்கறதுக்கு வேற வார்த்த கீது, சாப்புடற நேரத்துல எதுக்கு? நான் குடுத்தது பேரோட குடுத்தது."

"என் பேர வுட்டுடு மாயவா, நான் ஒண்ணும் நெனச்சிக்கமாட்டேன்" என்றேன்.

"நீ வுடுவ" என்றான் முனியன். "ஒரு மூட்டைய ரெண்டு பேரு தூக்கனோம். பாதி மூட்டைய எப்டிப் போடுவ?"

அருள் போனில் மலைக்கு அடித்தான். சிக்னல் வந்து வந்து போயிற்று. சாலம்மாளின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "கூட்டத்துக்கு என் ஒலக்க வேணும், நான் வேணாமா? அப்ப ஒலக்கய மட்டும் பஸ்ஸுல ஏத்திவுடறேன். அதுவே எறங்கி வந்து குத்தட்டும்."

மண்டியே சிரித்தது. மாயவனும் சிரித்துவிட்டான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

கல்லாவிலிருந்து காசிநாதன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சாப்பாடு முடிந்து நாங்கள் கொக்கியை எடுத்தபோது வந்தார். "ஏண்டா, மண்டி என்னுது, மூட்ட என்னுது. சத்தம் மட்டும் உங்குளுதா?"

முனியன் பணிவாகத்தான் சொன்னான். "மூட்ட உங்குளுதுதான் மொதலாளி. அது தானா கத்துதான்னு ஒரு நாளு பூரா பக்கத்துல குந்திப் பாருங்க."

காசிநாதன் அவனை முறைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பணத்தை எடுத்துப்போனவன் நீதானே என்று கேட்கிற பார்வை. நான் மூட்டைக்குக் குனிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை தூறிக்கொண்டே இருந்தது. தாலுகா ஆபீஸுக்கு எதிரே பந்தல், கொடிகள், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்ட கூட்டம். பெட்டி தூக்க பாய் என்னையும் முனியனையும் கூலிக்கு அழைத்திருந்தார். முனியன் ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "எங்குளுக்கு ஏற்கெனவே கீது, உங்குளுக்காவது கெடைக்கட்டும்" என்றான் பந்தல்காரனிடம். கேலியா நிஜமா என்று அவன் விழித்தான்.

மாயவன் மேடை ஏறினான். கீழே பெண்கள் வரிசையில் அவன் அக்கா கமலா உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தாள். சுஐப்பும் அருளும் எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் நனையாமல் நின்றார்கள். வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

நான் பாய்க்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். போன் வயரில் செருகியிருந்தது. பாட்டு திரையில் தயாராக நின்றது. கட்டைவிரலைத் திரைக்குமேல் வைத்துக்கொண்டிருந்தார் பாய். மேடையிலிருந்து காசிநாதன், போடு என்று கையைக் காட்டினார். மாயவன் மைக்கைப் பிடித்தபடி பாயையே பார்த்தான். பெட்டியை இறக்கிவிட்டு முனியன் எங்கள் பின்னால்தான் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். பாய் திரும்பி அவனை ஒரு தரம் பார்த்தார். முனியன் புகையை வேறு பக்கம் ஊதினான்.

பாய் வயரைப் பிடுங்கினார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மைக் சத்தத்தை மட்டும் மெல்லத் திருகி ஏற்றினார்.

மாயவனுக்குப் புரிந்துவிட்டது. அடி இல்லாமல், மேளம் இல்லாமல் ஆரம்பித்தான். அவன் வரிகளை மட்டும். *கரும்பு வெட்டுன கையி இனிக்கல.* முதல் தரம் கூட்டத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் தரம் சொன்னபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கைத்தட்டு கிளம்பியது. கமலாதான். அப்புறம் பத்து கை, அப்புறம் பந்தல் முழுக்க. அர மார்க்குக்கு வந்ததும் குரல் உடைந்தது. உடைந்தபடியே முடித்தான். அடிமூட்டை வரியை அவன் தொடவே இல்லை. அது முனியனுடையது. எதிர்த் தாழ்வாரத்தில் சுஐப் மழையில் இறங்கி நின்று விசிலடித்தான்.

கூட்டம் கலைந்தபிறகு காசிநாதன் வந்தார். அவருக்குக் கோபம் இருந்தமாதிரித் தெரியவில்லை. களைத்திருந்தார்.

"பாட்டு நல்லாத்தான் இருந்துது பாய். நான் கேட்ட பாட்டு இதில்ல."

"இல்லீங்க."

"அப்ப கடன்?"

"செட்ட எடுத்துக்கோங்க மொதலாளி."

"தைக்கு இன்னும் நாள் கீதேய்யா."

"நாள் இருந்தா? வானத்துலேர்ந்தா கொட்டப் போவுது? இன்னிக்கே எடுத்துக்கோங்க. நாள் போச்சின்னா நான் மறுபடியும் போன அமுக்கலாமான்னு பாத்துக்கினு நிப்பேன்."

காசிநாதன் ஈரப் பெட்டிகளைப் பார்த்தார். "இது நாப்பதுக்குப் போவாது பாய்."

"போவாதுதான். இருவத்தஞ்சுக்கு மேல ஒரு பைசா போவாது."

காசிநாதன் ஒரு பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "சரி, குடோன்ல கொண்டாந்து வெச்சிடு. கணக்கு அதோட முடிஞ்சிது."

தூறலிலேயே தள்ளுவண்டியில் ஏற்றினோம். குழாய் ஒன்றை மாயவன் தூக்கிக்கொண்டான், இன்னொன்றை அருள். சுஐப் மைக்குகளை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தான். வழியில் மாயவன் கேட்டான், "இனிமே எதுலடா பாடறது?"

"வாயிலதான்" என்றான் சுஐப். "மூணு கீது இல்ல."

"நான் அன்னிக்கி பேசனது..."

"தூக்குடா. மழ ஜாஸ்தி ஆவுது."

குடோனில் மக்காச்சோள அட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூலையைக் கூட்டிவிட்டு வைத்தோம். கடைசியில் ஆம்ப்ளிஃபயர். நானும் முனியனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, முட்டியை மடக்கி, விரலை ஒவ்வொன்றாக உருவித் தரையில் விட்டோம். வாசலில் நின்ற பாயிஸா காதைச் சாய்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் குடோனில் சத்தமே இல்லாமல் நாங்கள் இறக்கிய சுமை அது ஒன்றுதான்.

"தீந்துது பாய்" என்றார் காசிநாதன்.

பாய் கிளம்பினார். வாசல்வரை போனவர் நின்றார். தொண்டையைச் செருமினார். கையில் மைக் இல்லை. பந்தலில் படிக்கிற அதே ராகத்தில், அட்டிகளைப் பார்த்துப் படித்தார்:

"கள்ளக்குறிச்சி மண்டி காசிநாதன், உசுருக்கு வெச்ச மொய்யி, நாப்பத்தோராயிரத்து எழுநூறு ரூபா. வந்து சேந்துது. திருப்பியாச்சி."

காசிநாதன் பக்கத்து அட்டியில் கையை ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்.